மிகேல் புளுகேராவின் மகனுக்கு

இதனால் சகலருக்கும், குறிப்பாக இன்னும் பிறக்காத உனக்கும், அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, மாப்பிள்ளையூரணியில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் முன்னிலையில், என் மேலுதட்டில் பதினொரு முடிகள் இருப்பது முறைப்படி எண்ணி உறுதிசெய்யப்பட்டது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. மேளம், வெடி, ஊர்வலம் எதற்கும் ஏற்பாடு இல்லை. அக்கா மட்டும் கதவைத் தட்டி, "ஏலே, உள்ளுக்க என்ன பிரசவமா? ஸ்கூலுக்கு நேரமாச்சு, வெளிய வா" என்றாள். ஒரு வகையில் பிரசவம்தான். அந்தப் பதினொரு முடிகளின் பலத்தில்தான் நான் உனக்கு அப்பாவாகியிருக்கிறேன், மகனே. எனக்குப் பதினேழு வயது. உனக்கு இன்னும் வயது தொடங்கவே இல்லை. உன் அம்மா யார் என்று கேட்காதே. எனக்கும் தெரியாது, அந்தப் பாவப்பட்ட பெண்ணுக்கும் தெரியாது.

அப்பாக்கள் மகனுக்குக் கடிதம் எழுதுவது வழக்கமாக முடி நரைத்த பிறகு. அதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வயதில் பாதி மறந்துபோயிருக்கும். மறக்காத பாதியில் அவர்களே நல்லவர்களாக நடித்திருப்பார்கள். என் அப்பாவைக் கேட்டால் அவர் சின்ன வயதில் ஒரு எறும்பைக்கூட மிதித்ததில்லை என்பார். நம்பாதே. நான் இன்னும் கெட்டவனாக இருக்கும்போதே எழுதுகிறேன். நீ பெரியவனாகி, உனக்கும் உதட்டுக்கு மேல் பதினொன்று முளைக்கும் நாளில் இதை வாசிக்க வேண்டும். அதுவரை நான் எத்தனை முறை "நாங்கல்லாம் அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தாலும், இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டு.

உன் அப்பன் சாதாரண ஆள் இல்லை, முதலில் அதைத் தெரிந்துகொள். பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணை நான்கு மாதம் முழுதாக ஏமாற்றியவன். ஏமாற்றியே அவளுடைய வாந்தியை நிறுத்தியவன். எந்தப் பரீட்சைக்கும் பயந்தது கிடையாது. கடல் தாண்டாமலே கப்பல் விட்டவன். கப்பலோடு சேர்த்துக் கப்சாவும் விட்டவன். பெருமையடிக்கிறேன் என்று நினைக்கிறாயா? ஆமாம், பெருமைதான் அடிக்கிறேன். கேள்.

அந்தப் பெண்ணின் பெயர் அமலி. எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் உட்காருவாள். அம்மா இறால் கம்பெனியில் இறால் உரிக்கிறவர். அமலி வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். வருகைப்பதிவின்போதுகூடக் கையை மட்டும் தூக்குவாள். அதனால் நான் அவள் பெயரில் லகரத்தை எடுத்துவிட்டு ளகரம் போட்டேன். அமளி. ஒரு சத்தமும் போடாதவளுக்கு அமளி என்று பெயர். அவள் வாசலில் வந்தால் பின்பெஞ்சிலிருந்து "அமளி வருது, அமைதி, அமைதி!" என்று கத்துவோம். வகுப்பே சிரிக்கும். நான் நாக்கை ஒரு தடவை மடித்தேன், அவ்வளவுதான் எனக்குச் செலவு. அவள் ஒரு வருஷம் மடங்கிப்போனாள். பெயர் வைப்பது சுலபம், மகனே. வைத்த பெயரை ஒருத்தரிடமிருந்து கழற்றுவதற்குத்தான் கருவி எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

காலாண்டுப் பரீட்சை அன்று காலை, கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் அமலி பெஞ்சிலேயே வாந்தி எடுத்தாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அத்தனை தலைகளையும் வீணாக்க எனக்கு மனமில்லை. "சார், கப்பல் ஏறாமலே கடல்வாந்தி" என்றேன். பரீட்சை ஹாலே உருண்டு சிரித்தது. மேற்பார்வைக்கு நின்ற சார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமலி மட்டும் குனிந்து, தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று நான் எழுதியதில் உருப்படியான ஒரே வரி அதுதான். அதையும் தாளில் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பரீட்சைக்கும் அவளுக்கு வாந்தி வந்தது.

வாந்தி அவளுக்கு மட்டும் இல்லை. அந்த வருஷம் திங்கள்கிழமை என்றாலே ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுவலி. ஒருத்தன் நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கு வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் மூச்சுப் பயிற்சி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மூக்கை இழுத்து இழுத்து எங்களுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். சமூக அறிவியல் எடுத்த ஜெபமணி டீச்சர் வேறு ஒன்று செய்தார். நம் மாவட்டத்து நாசரேத்துக்காரர், கையில் எப்போதும் ஓரம் கிழிந்த ஒரு அட்லஸ். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவார். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், வெளியே காத்து நிற்கும் கப்பல்கள் தெரியும். ஆளுக்கொரு கப்பல். அது எந்த ஊரிலிருந்து வந்தது, எங்கே போகிறது, அதில் இருப்பவன் காலையில் என்ன சாப்பிடுகிறான். விடை தெரியாத ஒரு கேள்வியோடுதான் மாடி ஏற வேண்டும். மார்க் கிடையாது.

"மார்க் இல்லன்னா எதுக்கு டீச்சர்?" என்று நான்தான் கேட்டேன்.

"நீ இப்ப கேட்டியே, அதுக்குத்தாம்ல."

"இது கேள்வியா டீச்சர்?"

"கிறுக்குத்தனமான கேள்வி. ஆனா கேள்வி. பயப்படுதவன் தன் வயித்தையே பாத்துக்கிட்டு இருப்பான். அங்கன ஒரு கப்பல் நிக்குன்னு காட்டுனா ஒரு நிமிசம் தலையத் தூக்குவான்லா? அந்த ஒரு நிமிசம் போதும் எனக்கு."

அடுத்த வாரம் டீச்சர் எல்லோரையும் கப்பலில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில். முப்பத்தெட்டுக் கடிதங்கள். என் அப்பா கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குள்ளேயே போய் வருகிறவர். அதனால் கட்டு முழுவதையும் என்னிடம் கொடுத்து, "அப்பாட்ட குடுத்துரணும், என்ன?" என்றார் டீச்சர். பூனையிடம் மீனைக் கொடுத்து, வீட்டில் சேர்த்துவிடு என்று சொன்ன மாதிரி. நான் அப்பாவிடம் கொடுக்கவில்லை. என் சிநேகிதன் சுடலையும் நானும் பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் உட்கார்ந்து, மக்ரூன் தின்றுகொண்டே ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்தோம். "உங்கள் கப்பலில் பேய் உண்டா?" "கடலுக்கு நடுவில் செல்போன் சிக்னல் கிடைக்குமா?" "நீங்கள் பெரிய திமிங்கலத்தைத் தொட்டிருக்கிறீர்களா?" கடைசியாக அமலியுடையது. அதில் ஒரே ஒரு வரிதான். "நடுக்கடலில் வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள், இறங்க முடியாதே?"

சுடலை சிரித்தான். எனக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு ஒன்று தோன்றியது. பதில் எழுதுவது, அவள் அதை நம்புவது, பிறகு ஒருநாள் வகுப்பின் நடுவில் உடைப்பது. மற்ற முப்பத்தேழையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அன்று மாலையே மிகேல் புளுகேரா பிறந்தான். புளுகு என்பது பெயரிலேயே இருந்தாலும், ஆங்கிலத்தில் எழுதினால் நம் கடற்கரையில் போர்ச்சுகீசியர் விட்டுப்போன குடும்பப் பெயர்களோடு சத்தம் போடாமல் ஒட்டிக்கொள்ளும். கப்பலில் இரண்டாம் அதிகாரி. சொந்த ஊர் சிலி நாட்டில் வால்பரைசோ. சிலியை ஏன் எடுத்தேன் என்றால், வரைபடத்தில் பச்சைமிளகாய் மாதிரி நீளமாக இருந்தது, பெயரும் காரமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கப்பல் படம் எல்லாம் வைத்து அச்செடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, இது என்ன எழவு? உன் பேரு எப்பம்ல மிகேல் ஆச்சு?"

"ஸ்கூல் புராஜெக்ட் அண்ணாச்சி."

"உன் மூஞ்சியப் பாத்தா புராஜெக்ட் செய்யுதவன் மாதிரி தெரியலயே. கேஸு கீஸுன்னு வந்தா நீ இந்தக் கடைக்கு வந்ததே கெடையாது, பாத்துக்க."

அந்த முதல் கடிதத்தை உனக்காகத் தமிழில் தருகிறேன். "அன்புள்ள அமலி, விடுப்பில் வால்பரைசோவுக்கு வந்திருக்கிறேன். என் வீட்டு முன்னால் கடலிலிருந்து சூரியன் உதிப்பதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கப்பலில் எல்லோருக்கும் வாந்தி வரும். கேப்டனுக்கும் வரும். அப்போது நாங்கள் தொடுவானத்தைப் பார்ப்போம். எல்லாம் ஆடும்போது ஆடாமல் இருப்பது அந்தக் கோடு ஒன்றுதான். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்போம். முகர்ந்து பார்க்க வேண்டும். கடிக்கக் கூடாது." எலுமிச்சம்பழம் கொடைக்கானல் பஸ்ஸில் அம்மா அக்காவுக்குக் கொடுத்தது. தொடுவானம் எங்கேயோ கேட்டது. கடிக்கக் கூடாது என்பது, கடிதம் குட்டையாக இருந்ததால் சேர்த்தது.

ஏஜென்ட் ஆபீசுக்கு மின்னஞ்சலில் வந்ததாக அப்பா தந்தார் என்று சொல்லித் தாளை டீச்சரிடம் கொடுத்தேன். தமிழ் ஐயா ஒருமுறை சொல்லியிருக்கிறார்: அஞ்சல் என்றால் தபால், பழைய தமிழில் அதே சொல்லுக்கு அஞ்சாதே என்றும் பொருள். நான் அனுப்பியது தபால். அவளுக்குப் போய்ச் சேர்ந்தது மற்றது. அந்த வெள்ளிக்கிழமை அமலி மொட்டைமாடியில் எழுந்து நின்று வாசித்தாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கரகரப்பாக, அண்ணாச்சிக் கடை ரேடியோ மாதிரி. அடுத்த பரீட்சைக்கு ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். ஜன்னலோரம் இடம் கேட்டு வாங்கினாள். கிரேன்களுக்குப் பின்னால் இருக்கும் கோட்டை ஒரு முறை பார்த்தாள். வாந்தி வரவில்லை.

அதற்குப் பிறகு கேள்விகளாக வந்தன. உங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வேர்க்குமாமே, உண்மையா? ஒரே நாளை இரண்டு தடவை வாழ்ந்திருக்கிறீர்களா? கடலில் மழை பெய்தால் மீனுக்குத் தெரியுமா? எனக்குப் பதில் தெரியாது. தெரியாமல் எழுதினால் மாட்டிக்கொள்வேன். ஆக, உன் அப்பன் நூலகத்துக்குப் போனான். சுடலை என்னை அங்கே கண்டுபிடித்து, நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். "காய்ச்சல் இல்லயே மாப்ள" என்றான். ஏமாற்றுவதற்காகப் படித்தேன், படித்ததில் தூக்கம்கூட வரவில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. "கப்பலில் பேசாத ஆள் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் கேலி செய்வார்களா?" அதற்குத் திமிங்கலங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

இதற்கிடையில் மற்ற பிள்ளைகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கையைப் பார்த்தார்கள். "எனக்கு வரலியால?" முதல் மாதம் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் மாதம் நாலு பேர். பிறகு யாரும் கேட்கவில்லை. மாடிக்குக் கேள்வி கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டார்கள். சுவரில் சாய்ந்து கணக்கு வீட்டுப்பாடம் எழுதினார்கள். நகம் கடிக்கிறவன்தான் திமிங்கலத்தைப் பற்றிக் கேட்டிருந்தவன். மறுபடி விரலுக்குப் போய்விட்டான். இதை நான் அப்போது கவனிக்கவில்லை என்று எழுதினால் உனக்கு என்மேல் மரியாதை வரும். கவனித்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமைதான் நான் குறித்துவைத்திருந்த நாள். அதற்கு நாலு நாள் முன்னால் அமலியின் கடைசிக் கடிதம் என் கைக்கு வந்தது. பிரித்தால் முழுக்கத் தமிழ். "அன்புள்ள உங்களுக்கு" என்று தொடங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிலிக்காரனுக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறாளே, இதைவிடப் பெரிய கோமாளி உண்டா! வெள்ளிக்கிழமை மாடியில் டீச்சர், "யாருக்கும் பதில் வந்திருக்கா?" என்று கேட்டதும் எழுந்தேன்.

"டீச்சர், சிலிக்காரரு இங்கனயே வந்திருக்காரு."

"யாருல? எங்க?"

"நாந்தான் டீச்சர். மிகேல் புளுகேரா." குனிந்து வணக்கம் போட்டேன். "அமளி சிலிக்குத் தமிழ்ல எழுதிருக்கா. வாசிக்கேன், கேளுங்க."

கப்பல்காரன் குரலில், மூக்கால் வாசித்தேன். "இந்தப் பரீட்சையில் தோற்றுப்போனால் அம்மா என்னையும் இறால் கம்பெனிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். உரித்து உரித்து அம்மாவின் விரல் நுனி எல்லாம் வெந்துபோயிருக்கும். கேள்வித்தாளைப் பார்த்தால் எனக்கு அந்த விரல்கள்தான் தெரியும். அதனால்தான் வயிறு புரட்டுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எழுத ஆரம்பித்த பிறகு வாந்தி இல்லாமல் எழுதிவிட்டேன். இதையும் எழுதிவிடுவேன் என்று நினைக்கிறேன்." முதல் இரண்டு வரிக்குச் சிரித்தார்கள். பிறகு நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்கலாம். மூக்கால் பேசுவதையாவது நிறுத்தியிருக்கலாம். கடைசி வரை அந்தக் குரலிலேயே வாசித்து முடித்தேன்.

அமலி என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்தாள்.

"நீங்க இல்லையா டீச்சர்?"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. "எது அமலி?"

"கப்பல்காரர் இல்லன்னு எனக்கு மொதல் லெட்டர்லயே தெரியும். கடல்ல இருந்து சூரியன் உதிக்குன்னு எழுதிருந்துச்சு. சிலிக்குக் கடலு மேக்க. அங்கன சூரியன் கடல்ல முங்கத்தான் செய்யும். நான் அட்லஸ்ல பாத்தேன்." கரகரவென்று, ஒரு திக்கல் இல்லாமல் பேசினாள். "நம்மூர்க்காரங்கதான் எழுதுதாங்கன்னு தெரியும். நீங்கதான்னு நெனச்சேன். அதான் தமிழ்ல எழுதுனேன்." பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "நீன்னு நெனைக்கல."

நான்கு மாதம் ஏமாற்றினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. பிறந்ததிலிருந்து கடல் என்றால் கிழக்கு, சூரியன் என்றால் கடலிலிருந்து எழும்புவது என்று பார்த்து வளர்ந்த இந்த ஊர்க்காரன் எவனும் செய்கிற பிழையை முதல் வரியிலேயே செய்துவிட்டு, பிடிபட்டது தெரியாமல் நான்கு மாதம் ஆடியிருக்கிறேன். அவள் ஏமாந்தது ஒரே இடத்தில்தான். எழுதுகிறவர் நல்லவர் என்று நினைத்துவிட்டாள்.

டீச்சர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதைப் பத்து வருஷம் கதையாகச் சொல்லியிருப்பேன். "மத்த பிள்ளைய லெட்டர்லாம் எங்கல?" என்று மட்டும் கேட்டார். "கட்டிலுக்கு அடியில" என்றேன். வகுப்பே என்னைப் பார்த்தது. சுடலை மட்டும் ஏதோ அவனுக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி கிரேனைப் பார்த்தான். அமலி கையில் வைத்திருந்த தன் அட்லஸைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனாள். அடுத்த நாள் நடந்த சிறப்பு வகுப்புக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அவள் வீட்டுக்குப் போனதாகவும், அவள் வெளியே வரவில்லை என்றும் சுடலை சொன்னான். திங்கள்கிழமை பரீட்சை.

இனி எழுதப்போவதை உன் பிள்ளைகளுக்குச் சொல்லாதே. அன்று காலை எட்டரைக்கே போய், பள்ளிக்கூட வாதாமரத்தடியில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. எல்லோரும் வந்துவிட்டார்கள். அமலி வரவில்லை. எனக்கு இறால் கம்பெனி தெரிந்தது. நான் பார்த்தே இல்லாத அவள் அம்மாவின் விரல்கள் தெரிந்தன. எந்தப் பரீட்சைக்கும் பயப்படாத உன் அப்பன், வாதாமரத்து வேரில், வெள்ளைச் சட்டையோடு, இட்லியும் தேங்காய்ச் சட்னியுமாக வாந்தி எடுத்தான். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அமலி நிற்கிறாள். பஸ் தாமதம் போலிருக்கிறது; மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

சுற்றி வகுப்பே நின்றது. எல்லோர் வாயிலும் அந்தக் கடல்வாந்தி வாக்கியம் தயாராக இருந்தது. நானே அமைத்துக் கொடுத்த வாக்கியம். அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும், நானும் சிரித்திருப்பேன். அவள் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மோந்துக்க. கடிக்காத."

என் பொய்யை எனக்கே மருந்தாகக் கொடுத்துவிட்டு ஹாலுக்குள் போனாள். பழம் இல்லாமலே எழுதினாள். வாந்தி வரவில்லை, தேறினாள், இப்போது நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த இரண்டு சொற்கள்தான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் தெருநாய்க்கும் தண்ணீர் வைக்கிற ஆள். ஆக, வாந்தியை நான் நிறுத்தவில்லை. தனக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்ற நினைப்பும் அவளுடைய அட்லஸும் நிறுத்தின. சிலியின் மழையளவு எனக்குத் தெரியும். மூன்று பெஞ்சுக்கு முன்னால் இருந்தவளைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. உனக்கு நான் சொல்ல நினைத்த புத்தி எல்லாம் இதுதான்: கேள். தூரத்துக் கப்பலையும் கேள், பக்கத்து பெஞ்சையும் கேள். உன்னிடம் ஒருவர் கேட்டால், தெரியாது என்றாவது உண்மையாகச் சொல்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தக் கடைசிக் கடிதத்தில் நான் வாசிக்காமல் தாண்டிய வரி ஒன்று உண்டு. "எனக்கு அமளி என்று பெயர் வைத்தவன் சிரிக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது." மாடியில் அதை மட்டும் விட்டுவிட்டேன். தைரியம் இல்லை.

தைரியம் என்றதும் ஞாபகம் வருகிறது. மீசை பதினொன்று இல்லை, மகனே. ஏழு. மிச்சம் நாலு அக்காவின் கண்மை. கண்மையிலும் மை இருக்கிறது, உண்மையிலும் மை இருக்கிறது என்று ஒரு சிலேடை வைத்திருந்தேன், இப்போது வேண்டாம். ஈரம் பட்டால் கண்மை அழிந்துவிடும் என்று அக்கா சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஓரமாக இழுவிக் கிடக்கிற கறுப்பைப் பார்த்தால், பேனா ஒழுகியது என்று நினைத்துக்கொள்.